அரளி இல்லாத வீடு

நாத்தனார் மருதாயி மறுபடியும் சின்னப்பிள்ளையின் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தாள். பிறந்த வீட்டுக் கோடி வந்து விழுகிறவரை பெண்டாட்டி புருசனின் தலைமாட்டை விட்டு எழக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அது உலகச் சண்டைக்காலம், துணிக்குக் கட்டுப்பாடு வேறு. இலுப்பூரில் இருக்கும் சின்னப்பிள்ளையின் அண்ணன் மலையாண்டி ஒரு கோடிச் சேலைக்கு எத்தனை கடை ஏறி இறங்குகிறானோ. முந்தின நாள் காய்ச்சலில் கண்ணை மூடிய ஆண்டியப்பன், இன்றைக்கு உச்சி சாய்ந்தும் நடுவீட்டில் கிடந்தான்.

சின்னப்பிள்ளைக்கு இருப்புக் கொள்ளவில்லை. அழுகைகூட ஒழுங்காக வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கண்மாய்க்கரை அரளியைக் கட்டிக்கொண்டு வந்து போட்டார்கள். பூவும் இலையும் மிதிபட்டு வாசல் வரைக்கும் சிதறிக் கிடந்தன. வாசல் வேலியில் வெள்ளச்சி கட்டிக் கிடந்தது. நிறைசினை ஆடு. காலையிலிருந்து அதற்கு ஒரு பிடி தழை போட நாதியில்லை. அது கயிற்றை இழுக்க இழுக்க, இவள் எழப்பார்த்தாள்.

இன்றைக்கு முன் அந்த வீட்டில் அரளி நுழையாமல் நாலைந்து வருசம் இருக்கும். வெள்ளச்சியின் தாய் வாசலில் நின்ற அரளியைக் கடித்துவிட்டு, நுரை தள்ளி, பொழுது சாயுமுன் செத்தது. பால்குட்டியாய் நின்ற வெள்ளச்சியை மடியில் போட்டுக்கொண்டு ஆண்டியப்பன் அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. மறுநாளே அரளியை வேரோடு பிடுங்கிப் புதைத்தான். அதற்கப்புறம் வாசலில் ஒரு செடி வைப்பதென்றால் ஆயிரம் விசாரணை. ஊமத்தை ஆகாது, ஆமணக்கு ஆகாது. குடுமியான்மலை நந்தவனத்தில் ஆசையாகக் கேட்டு வாங்கிய மஞ்சள்பூக் கன்று பொன்னரளி என்று தெரிந்ததும், பாதி வழியில் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். கடைசியில் தேறியது செம்பருத்தியும் துளசியும்தான். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவன்கூட இப்படித் துருவமாட்டான் என்று ஊர் சிரித்தது. பிள்ளையில்லாத வீடு, போகட்டும் என்றும் சொன்னது.

அதோடு விட்டானா? யார் வீட்டுச் சாவுக்குப் போனாலும் பாடைக்குப் பின்னால் கடைசி ஆளாக நடப்பான். மாலையிலிருந்து வழியில் உதிர்ந்த அரளியைப் பொறுக்கித் துண்டில் முடிந்துகொள்வான். ஊர் ஆடுகள் மேய்கிற பாதை அது.

ஆட்டைக் கொல்லைப்பக்கம் பிடித்துக் கட்டச் சொல்லி சின்னப்பிள்ளை மருதாயியிடம் கெஞ்சிப் பார்த்தாள். தம்பியைப் பறிகொடுத்தவளுக்கு அது காதில் ஏறவில்லை. பிணம் கிடக்கும்போது ஆட்டைப் பற்றிப் பேசுகிறாளே, புத்தி பேதலித்துவிட்டது என்று இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வண்டி வந்து நின்றது. மலையாண்டிதான். கக்கத்தில் கோடி, தோளில் ஆளுயரச் செவ்வரளி மாலை. மச்சான் மேல் உயிரையே வைத்திருந்தவன், வழியில் வண்டியை நிறுத்திப் பூப்பறித்துத் தன் கையால் கட்டியது. கதறிக்கொண்டே வந்து மாலையை ஆண்டியப்பன் நெஞ்சில் போட்டான். அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கிய கூட்டம் வேலியைச் சாய்த்துவிட, வெள்ளச்சி கயிற்றோடு உள்ளே வந்தது. எஜமானைத் தேடி வந்ததோ, பசிக்கு வந்ததோ, நேராக மாலைக்குக் கழுத்தை நீட்டியது.

சின்னப்பிள்ளை இரண்டு பேரையும் உதறிவிட்டு எழுந்தாள். கோடி விழுமுன்னே எழுந்தாள். புருசன் நெஞ்சில் கிடந்த அண்ணன் மாலையை உருவி எடுத்தாள்.

அழுகை நின்றது. பிறந்த வீட்டு மாலையைப் பிடுங்கிவிட்டாளே, இனி இவளுக்கு ஏது போக்கிடம் என்று ஒரு கிழவர் வாய்விட்டே சொன்னார். அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. மாலையை ஆட்டுக்கு எட்டாமல் தூக்கிப் பிடித்தாள்.

"ஒன் புருசனுக்குன்னு கட்டியாந்தேன் ஆத்தா" என்றான் மலையாண்டி. முகம் செத்துப்போயிருந்தது.

"தெரியும்ண்ணே. அவரு இருந்தா ஒன்னையும் வாசலோட நிறுத்தியிருப்பாரு. இத எங்கிட்டாவது குழி தோண்டிப் பொதைச்சிரு."

மலையாண்டி அவளைப் பார்த்தான். வயிறு தொங்க நின்ற வெள்ளச்சியைப் பார்த்தான். மாலையை வாங்கித் துண்டில் சுருட்டினான். பிறகு மண்டியிட்டு, தரையில் கிடந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான். கொஞ்சநேரம் கழித்து மருதாயியும் குனிந்தாள்.

அதற்கப்புறம்தான் கோடி விழுந்தது. மருதாயி ஊரார் மாலைகளை எடுத்து உயர மாட்டிவிட்டு, வாசல் செம்பருத்தியைக் கொப்போடு ஒடித்து வந்து தம்பி மேல் பரப்பினாள். பாடையில் கிடத்தியதும் வெள்ளச்சி வந்து அவன் நெஞ்சிலிருந்தே மேய்ந்தது. ஒருவன் கம்பை ஓங்கினான்.

"திங்கட்டும்" என்றாள் சின்னப்பிள்ளை.

பாடை நகர்ந்தது. ஊரார் போட்ட அரளி மாலைகள் பாடையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டு போயின. வெள்ளச்சியின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் வாசலில் நின்று பார்த்தாள். கூட்டத்தை முன்னே விட்டு, கடைசி ஆளாக, மலையாண்டி குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்தான்.