தெரியாத ருசி

றம்லா இடியப்பத்தில் ஒரு விள்ளலைச் சொதியில் தோய்த்து வாயில் வைத்தாள். விழுங்கவில்லை. எதிர்க் கதிரையில் இருந்த அவள் கணவன் ஸஹாப்தீன் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவள் எழும்பிக் குசினிக்குப் போய்த் துப்பினாள். வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

மார்பில் கட்டி எடுத்து மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து இப்படித்தான். எதைத் தின்றாலும் துருப்பிடித்த இரும்பை நக்கினாற்போல இருக்கிறது என்றாள். பொரித்த சூடை மீன், தேங்காய்ச் சம்பல், கிண்ணியாவிலிருந்து அவளுடைய தங்கச்சி றிஷானா ஆக்கி அனுப்பிய புளியாணம், எல்லாம் அந்த இரும்புதான். உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. இன்னும் மெலிந்தால் அடுத்த மருந்தைத் தள்ளிப்போட வேண்டிவரும் என்று டொக்டர் சொன்னபோது, "தள்ளட்டும்" என்றாள் றம்லா. நோயைவிட அந்த ஒரு சொல்தான் ஸஹாப்தீனை அதிகம் பயப்படுத்தியது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "இஞ்ச பாருங்க, நான் ஒருநாளும் சாப்பிடாத சாப்பாடு ஏதும் வாங்கித் தாறீங்களா?"

"என்ன சாப்பாடு?"

"தெரியாது. தெரியாததுதான் வேணும். சொதிய வாயில வச்சா, இது சொதியில்ல எண்டு நாக்குச் சொல்லுது. தெரியாத சாப்பாடெண்டா, அது எப்பிடி இருக்கோணும் எண்டு நாக்குக்குத் தெரியாதுதானே."

அன்று முழுக்க, துறைமுகத்துப் படகு இன்ஜின் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதும் அந்தப் பேச்சே அவன் தலைக்குள் ஓடியது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, உட்துறைமுக வீதியில் புதிதாகத் திறந்திருந்த இந்தியச் சாப்பாட்டுக் கடைக்குப் போனான். இருந்து சாப்பிட இடமில்லாத ஒடுங்கிய கடை, பார்சல் மட்டும்தான். தினமும் அதைக் கடந்துதான் வீட்டுக்குப் போவான். சுற்றுலா வரும் வெள்ளைக்காரருக்கான கடை என்று நினைத்து ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. சுவரில் இருந்த சாப்பாட்டுப் படங்களில் ஒன்றுகூட அவனுக்கு விளங்கவில்லை.

"உறைப்பில்லாதது எது, தங்கச்சி? ஹலால்தானே?"

"ஓம் காக்கா, எல்லாம் ஹலால். ஆருக்கு?" என்றாள் காசுமேசைக்குப் பின்னால் நின்ற இளம்பெண்.

"வீட்டில. சுகமில்ல. ஒண்டும் இறங்குதில்ல."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. பட்டர் நாணும் பனீர்க் கறியும் சுடச்சுடக் கட்டிக் கொடுத்தாள்.

மேசையில் பார்சலைப் பிரித்ததும் நெய் மணம் வீடு முழுக்கப் பரவியது. செம்மஞ்சள் குழம்புக்குள் வெள்ளைத் துண்டுகள். றம்லா மூக்கைப் பொத்தவில்லை. நாணில் சின்னத் துண்டைப் பிய்த்துத் தொட்டு மெல்ல மென்றாள். விழுங்கினாள்.

"இது இப்பிடித்தானா இருக்கிற?"

"நானும் ஒருநாளும் சாப்பிட்டதில்லையே."

"அப்ப சாப்பிட்டுப் பாருங்க."

ஒரு வாய் வைத்தான். எத்தனையோ மாதமாக எதைத் தின்கிறோம் என்று தெரியாமலே தின்று எழும்பியவன். அவள் துப்புகிற வீட்டில் தான் மட்டும் ருசித்துச் சாப்பிடுவது அவனுக்குக் களவு செய்வதுபோலப் பட்டிருந்தது. இப்போது நாக்கு அவனைக் கேளாமலே விழித்துக்கொண்டது. இன்னொரு வாய் வேண்டும்போல இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"பெரிசா ஒண்டுமில்ல" என்று கையை இழுத்துக்கொண்டான்.

"பொய்" என்றாள் றம்லா. "உங்கட முகத்தில தெரியுது." குரலில் கோபமில்லை. "நல்லா இருந்தா நல்லா இருக்கெண்டு சொல்லுங்க. நீங்களும் ருசிய விட்டுட்டா, பிறகு நான் ஆரிட்டக் கேக்கிற?"

இன்ஜினில் என்ன பழுது என்றால் மணிக்கணக்கில் கதைப்பான். ருசியைச் சொல்ல அவனிடம் சொல் இருக்கவில்லை. இன்னொரு துண்டைத் தொட்டு, கண்ணை மூடி மென்றான்.

"முதல்ல இனிப்பு வருது... பால் இனிப்பு. பிறகு தக்காளிப் புளி. புளியெண்டாலும் பல்லுக் கூசாது." தயங்கினான். "அடியில ஒரு புகை மணம். தேங்காச் சிரட்டை எரிஞ்ச மாதிரி."

கேட்டுக்கொண்டே றம்லா ஒரு வாய் வைத்தாள். அவன் 'புகை' என்றபோது அவளும் தேடுவதுபோல மெல்லத் தலையைச் சரித்தாள். இரும்புதான் வந்திருக்கும். ஆனாலும் விழுங்கினாள். பிறகு இன்னொரு வாய்.

"அந்த வெள்ளைத் துண்டு?"

"அதுக்கெண்டு ருசி ஒண்டுமில்ல. மெத்தெண்டு இருக்கு. குழம்பக் குடிச்சு வச்சிருக்கு."

நாணில் பாதி முடிந்திருந்தது. வெளியே மூதூர் போகிற படகொன்று ஊதியது. பார்சலின் மூலையில் கிடந்த சின்னக் கிண்ணத்தை றம்லா எடுத்து மூடியைத் திறந்தாள். பச்சையாக ஏதோ சட்னி. மோந்து பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. அதை அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினான். சரியான சொல் உடனே வரவில்லை. பிய்த்த நாணைக் கையில் வைத்துக்கொண்டு, அவனுடைய வாயைப் பார்த்தபடி றம்லா காத்திருந்தாள்.