கெட்டி மருந்து

ட்ரீமா புதுப் புட்டியின் மூடியைத் திருகிவிட்டு மறுபடி மூடினாள். சமையலறைச் சன்னலுக்கு வெளியே ஓடை தரைப்பாலத்தை விழுங்கிவிட்டு, தபால் பெட்டிக் கம்பத்தின் பாதி வரைக்கும் ஏறியிருந்தது. தொலைபேசி மதியமே செத்துப்போயிற்று. எங்கள் கென்டக்கி மலைப் பள்ளத்தில் கைபேசிக்குச் சிக்னல் வெயில் நாளிலேயே கிடைக்காது. மழையில் அதைத் தேடுகிறவன் பைத்தியக்காரன்.

உள்ளறையில் அவள் அப்பா வெர்லன் ராட்லிஃப் முனகிக்கொண்டிருந்தார். புற்று எலும்புக்குள் இறங்கி மாதக்கணக்காகிறது. வலிக்குக் கொடுத்துவந்த பழைய புட்டி காலையோடு தீர்ந்துவிட்டது.

புதுசைக் கொண்டுவந்து வைத்தவள் ட்ரெஸ்ஸா, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். ட்ரீமாவோடு ஒரே பள்ளியில் படித்தவள்.

"இது கெட்டி மருந்துடி, பழசை விட வீரியம் ரொம்ப ஜாஸ்தி. நீ தொடாத. சாயங்காலம் நானே வந்து அளந்து குடுக்கறேன்," என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"ஏன், எனக்கு அளக்கத் தெரியாதா?"

"தெரியும் தெரியும். நம்ம ரெண்டு பேரு கணக்கு லட்சணம் ஊருக்கே தெரியும்." பிறகு கட்டில் பக்கம் திரும்பி, "என்ன சார், என்னை ரெண்டு வருஷம் ஃபெயிலாக்கினீங்க. இப்ப உங்க உசுரு என் கையில," என்றாள்.

பெரியவர் சிரிக்கப் பார்த்தார். "ரெண்டாவது வருஷந்தான் நீ பின்னம் ஒழுங்காக் கத்துக்கிட்ட. அதனாலதான் பயமில்லாம படுத்திருக்கேன்."

அவர் அப்படித்தான். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த காலம் முழுக்க ஊரோடு ஒத்துப்போகத் தெரியாத மனிதர். ஒருமுறை பள்ளிக் குழுக் கூட்டத்தில், பெற்றோர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போதே எழுந்து நின்றார்.

"எல்லாப் பிள்ளையும் தேறிடுச்சுன்னு வாசல்ல பேனர் கட்டியிருக்கீங்க. அதுல பாதி காலேஜுக்குப் போயி, ஏழாங்கிளாஸ் கணக்க மறுபடியும் கடன் வாங்கிப் படிக்குது. தெரியாத பிள்ளைக்குத் தெரியும்னு எழுதிக் குடுக்கறது இரக்கமில்ல. நீச்சல் தெரியாதவனைப் பாலத்துல இருந்து தள்ளிவிடற வேலை."

அதற்குப் பிறகு தேவாலயத்தில் அவர் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. அவரும் மார்க்கைக் கூட்டிப் போடவில்லை.

ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் பொய் மார்க் போட்டார். அது ட்ரீமா. அம்மா இறந்த வருஷம் அது. பாதித் தாளை வெறுமையாக விட்டுவிட்டு வந்தாள். தேர்ச்சி என்று போட்டார். அந்த மார்க்கை நம்பிக் கல்லூரிக்குப் போனவளை, சேர்ந்த வாரமே பரீட்சை வைத்து அடிப்படைக் கணக்கு வகுப்பில் தள்ளினார்கள். அதிலும் தேறாமல், வசந்தம் வருவதற்குள் பெட்டியோடு திரும்பிவிட்டாள். இன்றுவரை அப்பாவும் மகளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. திறந்து என்ன ஆகப்போகிறது? அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

முனகல் கத்தலாக மாறியது. காலியான புட்டி, புதுப் புட்டி, அளவுக் குழல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ட்ரீமா ஓடினாள்.

"ட்ரெஸ்ஸாவால வர முடியலப்பா. பாலத்து மேல தண்ணி போகுது."

"நீ குடு."

"அளவு மாறுதுப்பா. பழசுல அஞ்சு மில்லிக்குப் பத்து மில்லிகிராம்னு போட்டிருக்கு. புதுசுல ஒரு மில்லிக்கு இருபது."

ஒரு பழைய உறையின் முதுகில் எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். அப்பா பல்லைக் கடிக்கும் சத்தம் காதில் விழ விழ, பத்தும் இருபதும் மட்டுமே கண்ணில் நின்றன.

"அதுல பத்து, இதுல இருபது. ரெண்டு மடங்கு. அப்ப எப்பவும் குடுக்கறதுல பாதி. சரிதானப்பா?"

அவருடைய ஆள்காட்டி விரல் போர்வையை விட்டு எழும்பியது. கரும்பலகையில் ஒரு பிள்ளை வழி தவறினால் அப்படித்தான் தூக்குவார்.

"தப்பாப்பா? தப்புனா சொல்லிடுப்பா. எனக்குப் பயமா இருக்கு."

அவர் குழலைப் பார்த்தார். அவள் முகத்தை வெகு நேரம் பார்த்தார். வலி இன்னொரு முறை உடம்பை முறுக்கி எடுத்தது. விரல் இறங்கிற்று.

"சரியா இருக்கும்மா," என்றார். வாயைத் திறந்தார்.

சற்று நேரத்தில் நெற்றிச் சுருக்கமெல்லாம் விட்டுப்போயிற்று. இப்படி அவர் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று ட்ரீமாவுக்கு அழுகையே வந்தது, அவ்வளவு நிம்மதி. கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. அசதி என்று நினைத்தாள். மழை விட்டு மேற்கே வெளுத்தபோது அடுத்த மூச்சு வரவில்லை.

யாருடைய டிராக்டரிலோ ஏறி, இடுப்பு வரை நனைந்து ட்ரெஸ்ஸா வந்து சேர்ந்தாள். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். அவர் கண்களை மூடிவிட்டாள். சமையலறைக்கு வந்தவள் மேசை மேல் இருந்த புட்டியைப் பார்த்து நின்றாள்.

"திறந்தியா?"

"கத்துனாருடி. என்னால பாக்க முடியல."

"எவ்வளவு குடுத்த?"

"எப்பவும் குடுக்கறதுல பாதி. அதுல பத்து, இதுல இருபது."

ட்ரெஸ்ஸா நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தாள். அவள் கால்சட்டையிலிருந்து தரையில் தண்ணீர் பரவியது.

"சார் முழிச்சிருந்தாரா?"

"முழிச்சுதான் இருந்தாரு. லேபிளைப் படிச்சுக் காட்டினேன். சரின்னாரு."

"அவரு வாயால?"

"அவரு வாயால."

ட்ரெஸ்ஸா உறையை எடுத்துத் திருப்பி, அதில் இருந்த கணக்கை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பத்தும் இருபதும் இருந்தன; ஐந்து மில்லியும் ஒரு மில்லியும் எங்கேயும் இல்லை. நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"கணக்கு சரியாடி?" என்று கேட்டாள் ட்ரீமா.

மீதி மருந்தை இருவருமாக அளந்து எழுதிய பிறகே கொட்ட வேண்டும் என்பது விதி. ட்ரெஸ்ஸா அளக்கவில்லை. தொட்டியில் அப்படியே கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டியபடி நின்றாள்.

"சரியாத்தாண்டி குடுத்திருக்க," என்றாள்.

புட்டி காலியான பிறகும் குழாயை மூடாமல், லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். ட்ரீமா இரண்டாம் முறை கேட்கவில்லை. காபிக்குத் தண்ணீர் வைத்தாள்.