சோறாக்கும் கம்பெனியின் காடி

கார் வந்து நின்றது ஜெனவீவுக்குத் தெரியவில்லை. வீட்டு முன்புறக் கொடியில் தொழிற்சாலைச் சீருடையை உலர்த்திக்கொண்டிருந்தவள், முதுகுப் பக்கம் யாரோ நிற்பதுபோல் தோன்றித் திரும்பினாள். இரண்டடி தள்ளி வெள்ளை நிறத்தில் ஒரு புதுக் கார். உள்ளே அவள் கணவன் மார்க்கஸ், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவன்போல் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி இறங்கியது. அதற்கும் சத்தமில்லை.

"வந்தது கேட்டுச்சா?" என்றான்.

"இல்ல."

"அதான் லா விஷயமே."

ஜெனவீவ் காரின் முன்பக்கம் போய் நின்றாள். அதன் மூக்கில் சின்ன வெள்ளி வட்டம், அதற்குள் மூன்று கோடுகள். அந்த வட்டத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அடுக்களையில் சோறாக்கும் மின்குக்கரில் இருந்தது, மகள் மெலிசாவின் கைப்பேசி முதுகில் இருந்தது, கட்டிலுக்கு அடியில் தானாக ஊர்ந்து தூசி உறிஞ்சும் தட்டு இயந்திரத்திலும் இருந்தது. லூமிடா. காரும் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள் என்பது ஊருக்கெல்லாம் செய்தி. அவளுக்கு அது எட்டு மாதமாகவே தெரியும். கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலை லூமிடாவுக்குத்தான் மின்போர்டுகள் செய்து கொடுக்கிறது. நாலாவது லைனில் காருக்கான போர்டுகள் ஓட ஆரம்பித்ததிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக அவற்றைப் பார்த்து அனுப்புகிறவர்களில் அவளும் ஒருத்தி.

"சோறாக்குற கம்பெனி காடிய வாங்கிட்டு வந்திருக்கீங்க," என்றாள். "என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

"கேட்டா வேணாம்னு சொல்லுவே. அதான் கேக்கல."

மார்க்கஸ் செம்பனைப் பழ லாரி ஓட்டியவன். முதுகு கெட்டுப்போய் அதை விட்ட பிறகு, பீடோங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து சிறுநீரகம் செயலிழந்தவர்களைச் சுங்கை பட்டாணியில் உள்ள டயாலிசிஸ் நிலையத்துக்கு ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதை வேலையாக்கிக்கொண்டான். வாரத்துக்கு ஆறு நாள், ஒரு நாளைக்கு நான்கு பேர். ரத்தத்தைச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்பும்போது அவர்கள் பிழிந்துபோட்ட துணிபோல் இருப்பார்கள். பழைய வண்டியின் ஒவ்வொரு குலுக்கலும் அவர்களுடைய முகத்தில் தெரியும். பின்கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் காருக்கு வந்திருக்கிறான் என்பது ஜெனவீவுக்குப் புரிந்தது. அதனாலேயே அவளால் அதிகம் சண்டை போட முடியவில்லை.

"இப்போ காடின்னா என்னா? ஒரு பேட்டரி, ஒரு கம்ப்யூட்டர், நாலு டயர்," என்றான் அவன், சாப்பாட்டு மேசையில். "பேட்டரியும் கம்ப்யூட்டரும் யாருக்கு நல்லா தெரியும்? இருவது வருஷமா போன் செய்யிறவனுக்குத் தெரியுமா, எண்ணெய் எஞ்சின் செய்யிறவனுக்குத் தெரியுமா?"

"போன் செத்துப்போச்சுன்னா சோபால போட்டுட்டு வேற வேல பாப்பீங்க. இதுக்குள்ள மனுசன் உக்காந்திருப்பான்."

மார்க்கஸ் மெலிசாவைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்தாள்.

ஜெனவீவ் சொன்னது வாய்க்கு வந்த வார்த்தை அல்ல. இருபத்திரண்டு வருடம் அவள் கண்ணை வைத்துச் சம்பாதித்தவள். வீட்டுச் சாமான் செய்கிறவர்களின் மனசு எப்படி ஓடும் என்று அவளுக்குத் தெரியும். ஆயிரத்துக்கு ஒன்றோ இரண்டோ கெட்டுப்போகட்டும், திரும்பி வந்தால் புதுசு மாற்றிக் கொடுத்துவிடலாம். அந்த ஒன்றிரண்டையும் பிடிக்க லைனை மெதுவாக்குவதைவிட அதுதான் லாபம். தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்கு அது நியாயமான கணக்கு. அதே ஆட்கள், அதே மேசை, அதே வேகத்தில் ஓடும் லைனில் காருக்கான போர்டு வரும்போது அந்த மனசு மட்டும் மாறியிருக்குமா என்பதுதான் அவள் சந்தேகம்.

அன்றிலிருந்து அவள் அந்தக் காரில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மார்க்கஸும் மெலிசாவும் காரில் போனார்கள். அவள் மோட்டர் சைக்கிளில் பின்னால் போனாள். மாதா கோவில் வாசலில் பக்கத்து வீட்டுப் பிரேமாவதி, "என்னா ஜென், வீட்டுல சண்டையா?" என்று கேட்டாள். "வெயிலு நல்லாருக்கு, அதான்," என்று சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றினாள். கார் சார்ஜ் ஏறும்போது வரும் மெல்லிய ரீங்காரத்தை அடுக்களையில் நின்று கேட்பாள். இன்று கொஞ்சம் கூடுதலோ என்று தோன்றும். மறுநாள் குறைவோ என்று தோன்றும். மூன்று மாதம் அப்படியே போனது. கார் ஒரு நாளும் படுக்கவில்லை. நோயாளிகள் அதை 'மெத்தை காடி' என்று அழைக்க ஆரம்பித்தார்கள்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் மார்க்கஸிடமிருந்து அழைப்பு வந்தது. அவளுக்கு அன்று ஓய்வு நாள்.

"பயப்படாத. காடி மெதுவா போகுது. அவ்ளோதான்."

"மெதுவான்னா?"

"இருவதுக்கு மேல ஏற மாட்டேங்குது. சுங்கை லாலாங் தாண்டிட்டேன். பரஞ்சோதி அண்ணன் மட்டுந்தான் உள்ள இருக்காரு."

அவள் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டரில் கிளம்பினாள். பெரிய சாலையில் எதிரே வெள்ளைக் கார் அவசர விளக்குகள் மின்ன, ஓரமாக ஊர்ந்து வந்தது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போயின. ஒவ்வொன்றும் கடக்கும்போது தண்ணீர் சுவர்போல் எழுந்து காரை மூடியது. அவள் வண்டியைத் திருப்பி, காருக்குப் பின்னால் தன் விளக்கையும் போட்டுக்கொண்டு, பரஞ்சோதியின் வீடு வரை ஊர்ந்தாள். பின்கண்ணாடி வழியாக வெள்ளைத் தலையொன்று ஒரு பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தது. பரஞ்சோதி, முன்னாள் ரப்பர் தோட்டத்து மண்டோர், கங்காணி வேலை பார்த்தவர், எழுபது வயது. உயிரோடுதான் இருக்கிறாரா என்று நான்கு மைல் தூரமும் அவள் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் எழுப்பியபோது, "வந்தாச்சா? இன்னிக்கு ரொம்ப சுகமா வந்துச்சே," என்றார்.

"பாத்தியா, நிக்கல," என்றான் மார்க்கஸ். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "கோளாறுன்னு தெரிஞ்சதும் தன்னையே அடக்கிக்கிட்டு கொண்டுவந்து சேத்துச்சு. பழைய காடியா இருந்தா நடுரோட்டுல நின்னுருக்கும்."

ஜெனவீவ் குனிந்து பரஞ்சோதியைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

மறுநாள் சுங்கை பட்டாணி சேவை நிலையத்துக்கு அவளும் போனாள், மோட்டரில். அது லூமிடாவின் கடைதான். முன்பக்கம் குக்கரும் காற்றுச் சுத்திகரிப்பானும் அடுக்கியிருந்தார்கள், பின்பக்கம் கார்கள். மலாய் இளைஞன் ஒருவன் மடிக்கணினியைக் காரோடு இணைத்து, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது, மென்பொருளைப் புதுப்பித்துவிட்டேன் என்றான். என்ன கோளாறு என்று அவள் மலாயில் கேட்டாள். ஒரு சிக்னல் வந்து வந்து போயிருக்கிறது, இப்போது வருகிறது என்றான். வந்து வந்து போகிற சிக்னல் என்றால் எங்கோ ஓர் இணைப்பு ஆடுகிறது. மென்பொருள் அதை எப்படிச் சரிசெய்யும்? பின்னிருக்கைக்குக் கீழே உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னாள். அவன் தயங்கினான். தான் எங்கே வேலை செய்கிறாள் என்பதைச் சொன்னதும் திருகாணிகளைக் கழற்றினான்.

பச்சைப் போர்டு, ஈரம் படாமலிருக்கப் பூசிய மெழுகு போன்ற பளபளப்பு. மூலையில் அரிசி அளவில் ஒரு ஒட்டுத்தாள். பார்த்து அனுப்பியவர் எண் 317.

அது அவள் எண்.

மார்க்கஸ் பக்கத்தில் நின்று, "என்னா?" என்றான். "ஒன்னுமில்ல," என்றாள். ஒட்டுத்தாளின் தேதிப்படி ஏப்ரல் மாதத்துப் போர்டு. ஏப்ரலில் மெலிசாவுக்கு டெங்கி காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இவள் விடுப்பு எடுக்காமல் வேலைக்குப் போய்வந்த நாட்கள் அவை. அன்றைக்கு இந்தப் போர்டைப் பார்த்தேனா, பார்த்ததுபோல் பார்த்தேனா என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். ஒரு நாளைக்கு நானூறு போர்டு. ஒன்றுகூட முகமாக நினைவில் இல்லை. எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். முதலாளியை, இயந்திரத்தை, நாலாவது லைனின் வேகத்தை. தன் கண்ணை மட்டும் இதுவரை சந்தேகப்பட்டதில்லை.

அடுத்த வாரம் லைனில் அவள் மெதுவானாள். பெரிதாக்கிப் பார்க்கும் அளவை இரண்டு மடங்காக வைத்தாள். மூன்றாம் நாள், ஓர் இணைப்புக் காலைச் சுற்றியிருந்த ஈயப் பற்றில் மயிரிழையாய் ஒரு வளைய விரிசல் தெரிந்தது. அதே தட்டில் இன்னும் இரண்டு. சுவரில் ஒட்டியிருந்த மாதிரிப் படத்தில் அந்த அளவு விரிசல் 'அனுப்பலாம்' பக்கத்தில் இருந்தது. ஏப்ரலிலும் அது அதே பக்கத்தில்தான் இருந்தது. அவள் பொறியாளர் கவினைக் கூப்பிட்டாள். வந்து பார்த்தவன் நிமிர்ந்தான்.

"லிமிட்டுக்குள்ளதான் இருக்கு அக்கா."

"யாரு போட்ட லிமிட்டு தம்பி?"

"கஸ்டமர் குடுத்தது லா."

"அந்தக் கடுதாசிய நான் பாக்கலாமா?"

அவன் தன் மேசைக்குக் கூட்டிப்போய்த் திரையில் காட்டினான். ஜெனவீவுக்கு ஆங்கிலம் தடுமாறும், ஆனால் எண்கள் தடுமாறாது. மூன்றாம் பத்தியில் இருந்த அளவுகளை அவள் பத்து வருடமாக மனப்பாடமாக வைத்திருந்தாள். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் பக்கம் அது. தலைப்பு மட்டும் மாறியிருந்தது.

கவின் தலைப்பையும் அளவுகளையும் மறுபடி படித்தான். காதுமடல் சிவந்திருந்தது. "நானும் கவனிக்கல," என்றான் கடைசியில்.

"தரையில ஊர்ற சாமானுக்கு இது போதும். ரோட்டுக் குழியில வருஷக்கணக்கா ஆடுற சாமானுக்குப் போதுமா?"

"நான் சொன்னா லைன் நிக்கும் அக்கா."

"நிக்கட்டும்."

அவள் தட்டு முழுக்க, அனுப்பக் கூடாது என்பதற்கான சிவப்புச் சீட்டு வைத்துவிட்டாள். அன்று மாலை மெலிசா பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தைத் திருத்த, நிர்வாகத்துக்கு ஒரு பக்கத்தில் எழுதினாள். என்ன பார்த்தேன், எந்தத் தட்டில், எந்தப் பக்கத்து அளவு. 317 எண்ணிட்ட ஏப்ரல் போர்டுகளையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கடைசி வரியாகச் சேர்த்தாள். "அம்மா, இது உங்களையே மாட்டிவிடும்," என்றாள் மெலிசா. "எழுது," என்றாள் ஜெனவீவ். கீழே அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில், மறுநாள் காலையில், கேட்காமலே கவினும் போட்டான்.

லைன் ஒன்றரை நாள் நின்றது. லூமிடாவிலிருந்து ஒருவர் வந்தார். மரியாதையானவர், அவளோடு கைகுலுக்கினார், எங்கள் முதல் கார் இது, உங்களைப் போன்றவர்களிடமிருந்துதான் நாங்கள் கற்றுக்கொள்கிறோம் என்றார். அளவுப் பக்கத்தை மாற்றிவிடுவோம் என்றார். ஏப்ரல் போர்டுகளைப் பற்றிக் கேட்டதற்கு, ஆராய்கிறோம் என்றார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் கண் கைக்கடிகாரத்துக்குப் போய்வந்தது. இரண்டு வாரத்தில் நாலாவது லைனில் புதிய மாதிரிப் படம் ஒட்டினார்கள். ஜெனவீவை ஆறாவது லைனுக்கு மாற்றினார்கள், குக்கர் போர்டுக்கு. கண்ணுக்கு ஓய்வாக இருக்கும் என்றார்கள். அது பாராட்டா தண்டனையா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஏப்ரல் போர்டுகளைப் பற்றி ஒரு கடிதமும் வரவில்லை.

மார்க்கஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அந்த எண் உட்பட. அவன் எழுந்து வாசலுக்குப் போய்க் காரைப் பார்த்தான்.

"வித்துடவா?" என்றான்.

"வித்தா வேற யாரோ உக்காருவாங்க."

"அப்போ என்னாதான் செய்யச் சொல்றே?"

சேவை நிலையத்தில் போர்டை மாற்றச் சொல்லி இருவரும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாகம் வர வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். அதுவரை பரஞ்சோதிக்கு வாரத்துக்கு மூன்று முறை ரத்தம் சுத்தமாக வேண்டும். பழைய வண்டியை எப்போதோ கொடுத்தாகிவிட்டது.

அந்த வியாழக்கிழமை அவளுக்கு ஓய்வு. பரஞ்சோதியை அவர் மனைவி நவமணி கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பின்னிருக்கையில் உட்காரவைத்தாள். ஜெனவீவ் மறுபக்கக் கதவைத் திறந்து அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். மார்க்கஸ் பின்கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. உண்மையாகவே சுகமாகத்தான் இருந்தது, அது அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது. இருபுறமும் செம்பனைகள் வரிசை வரிசையாகத் திறந்து மூடின. பரஞ்சோதி கண்ணை மூடிவிட்டார். ஊசி ஏறி ஏறிப் புடைத்த அவருடைய முன்கை அவள் முழங்காலில் சாய்ந்து கிடந்தது. அவள் உள்ளங்கையை இருக்கையின் மேல், அடியில் அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்த இடத்தில், பரப்பி வைத்தாள். துணி இளஞ்சூடாக இருந்தது. ஜன்னல் வழி விழும் வெயிலால் அப்படி இருக்கலாம். அவள் கையை நிழலுக்கு நகர்த்தி, சாலையில் குழி வரும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.