முழங்கையை உள்ளே வை

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் வெர்லின் ஸ்டக்கிதான். தன் வேலை போன மறுவாரம் என் வீட்டுக்கு வந்து, "புரொபசர், என் கதைய நீங்க எழுதணும். ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றானுங்க" என்றார். ஒரே நிபந்தனை: அவர் உயரத்தைக் குறைக்கக் கூடாது.

ஆறடி. (ஷூவோடு.)

நான் அவருடைய பக்கத்து வீட்டுக்காரன். இந்தியானாவின் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் சின்னக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். கூடைப்பந்து ஆட்டங்களில் கடிகாரப் பொத்தானை அழுத்துபவனும் நான்தான். எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்று தெரிந்திருந்தால் பொத்தானோடு நின்றிருப்பேன்.

2

முதல் தொடக்கம்: 'ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி அரங்கத்தில்—'

பொய். எங்கள் அரங்கத்தில் பாப்கார்ன் இயந்திரம் ஓய்ந்ததே இல்லை.

இரண்டாவது: 'கூடைப்பந்துக்காகவே பிறந்த வெர்லின்—'

இதுவும் பொய். மாணவராக அணியில் இருந்த நான்கு வருடமும் அவர் களத்தில் இறங்காமல் பெஞ்சில்தான் இருந்தார். அங்கிருந்தபடி தன் கோச்சுக்கே யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் பொறுமை இழந்த கோச், "அப்ப நீயே கோச் ஆகித் தொலைடா!" என்று கத்தினார். வசவை அறிவுரையாக எடுத்துக்கொண்டவர்கள் உலகத்தில் குறைவு. வெர்லின் அப்படித்தான் கோச் ஆனார். எங்கள் பெண்கள் அணிக்கு.

(இதைப் படித்துவிட்டு, "பெஞ்சை எடுத்துடுங்க" என்றார். எடுத்தால் அவரை எங்கே உட்காரவைப்பது?)

3

மகள் ஜோலீனைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்பாவின் அணியிலேயே சேர்ந்தாள். சொந்த மகளுக்குச் சலுகை காட்டுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, வெர்லின் அவளை ஒரு முழு சீசனும் ஆடவிடவில்லை. வீட்டில் நடந்தது எனக்கு ஜன்னல் வழியாகவே கேட்டது.

"நான் நல்லா ஆடலையாப்பா?"

"நல்லாதான் ஆடுற. பந்தைப் போடும்போது முழங்கை மட்டும் வெளிய போகுது."

"எட்டு வயசுலேருந்து இதையேதான் சொல்ற! நான் போறேன்."

"எங்க?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பது எங்கள் பரம எதிரிக் கல்லூரி. வெர்லினின் மனைவி லோர்னா அதற்கப்புறம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பாதி இந்த நிறம், பாதி அந்த நிறம் தைத்த சட்டையில் வந்தாள்.

4

இனி அந்த ஆட்டம், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணியோடு. தோற்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று கல்லூரித் தலைவர் வெர்லினிடம் முன்பே சொல்லிவிட்டார். இரண்டு அணியும் புள்ளியில் சமம். மிச்சம் ஒரு நொடி. எங்கள் பெண் ஒருத்தி ஜோலீனை இடித்துவிட, அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ: யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று கூடையில் போடலாம், விழுந்தால் ஆளுக்கொரு புள்ளி அல்ல, பந்துக்கொரு புள்ளி.

முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. முழங்கை வெளியே போயிருந்ததை நானே பார்த்தேன்.

அவளைக் காக்கவைத்துப் பதற வைக்க வெர்லின் டைம்-அவுட் கேட்டார். கெட்டிக்காரத்தனம். டைம்-அவுட் முடிந்தது. ஜோலீன் கோட்டில் நின்றாள். எங்கள் கூட்டம் ஊளையிட்டது. அத்தனை ஊளைக்கும் மேலே ஒரு குரல்:

"முழங்கைய உள்ள வை, கண்ணு!"

அரங்கம் வெர்லினைத் திரும்பிப் பார்த்தது. பாப்கார்ன்காரர் உட்பட. ஜோலீன் முழங்கையை உள்ளே வைத்தாள். பந்து வளையத்தைத் தொடாமல் இறங்கியது. அந்த ஒரு புள்ளியில் தோற்றோம்.

"கோச், நீங்க யாருக்கு கோச்?" என்று கேட்டாள் எங்கள் கேப்டன் டேனிகா. வெர்லினின் முகத்தைப் பார்த்தேன். தோற்றவர் முகம் அப்படி மலர்ந்து இருக்கக் கூடாது.

மாற்று முடிவு ஒன்று: பந்து விழவில்லை, வெர்லின் பிழைத்தார். மாற்று முடிவு இரண்டு: கல்லூரித் தலைவர் மனம் இளகி—

வேண்டாம். வேலை போனது. அதற்கு என்னிடம் மாற்று இல்லை.

5

ஏன் கத்தினார்? அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கேட்டேன்.

"பழக்கம், புரொபசர். வாய்ல தானா வந்துடுச்சு."

"என்னைக் குழப்பத்தான் கத்தினாரு," என்றாள் ஜோலீன். "கத்தாட்டாலும் போட்டிருப்பேன்."

லோர்னா என் தட்டில் இன்னொரு கரண்டி சில்லியை, அதாவது பீன்ஸும் கறியும் போட்ட குழம்பை, ஊற்றினாள். "எழுதறேன்னு வந்துட்டு இதையெல்லாமா கேப்பாங்க? சாப்பிடுங்க."

அப்போது தொலைபேசி அடித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கோச், பெர்னிஸ் ஓடம். வெர்லின் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஸ்டக்கி, ஏற்கெனவே எங்களுக்கு ஓசில ஒரு நிமிஷம் வேலை பாத்துட்டீங்க. மிச்சத்தைச் சம்பளத்தோட பாக்குறீங்களா? எனக்கு உதவி கோச் வேணும்."

வெர்லின் மகளைப் பார்த்தார். அவளுக்கு அங்கே இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

"வர்றதுன்னா வா," என்றாள் தட்டிலிருந்து நிமிராமல். "ஆனா என்னை ஆட விடணும்."

வெர்லின் என் பக்கம் திரும்பி, "புரொபசர், இந்த இடத்துல நான் என்ன சொல்றதா எழுதப்போறீங்க?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டியது அவர். எழுத வேண்டியது நான். இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். பெர்னிஸ் "ஹலோ... ஹலோ..." என்கிறார். வாசகரே, உங்களுக்கும்தானே கேட்கிறது? யாராவது ஒருவர் பதில் சொல்லுங்கள்.