அபிநந்தன் பெயரில் யேசுதாஸ் உட்கார்ந்த வகுப்பு

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து வந்தது. வண்டு, பூச்சி ஒழிக்கும் தொழில்காரர்களின் உரிமத்தைப் புதுப்பிப்பது பற்றிய பழைய அறிவிப்புத் தாள் ஒன்றில் வறுகடலை மடித்துக் கொடுத்தார்கள். 'உரிமம் பெற்றவர் மறுபயிற்சி வகுப்புக்கு நேரில் வர வேண்டும்' என்று அதில் இருந்தது. 'நேரில்' என்பதற்கு அடியில் கோடு போட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் தாம் வராமல் வேறு யாரையோ அனுப்பியிருந்தால் தவிர, இந்தக் கோட்டுக்கு என்ன அவசியம்? கடலை தீர்வதற்குள் கதை பிடித்துக்கொண்டது.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

'எறும்பைக்கூட மிதிக்காத சமணரான அபிநந்தன், பூச்சி கொல்லும் உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அதன் கீழே உட்கார்ந்து —'

விட்டுவிட்டேன். வாக்கியம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அபிநந்தனின் தர்மசங்கடத்தையே நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனபோது, பின்னால் ஒருவன் இருமிக்கொண்டே இருந்தான். யார் என்று திரும்பிப் பார்த்தேன்.

2

யேசுதாஸ். ஓரிக்கைப் பக்கத்தில் ஒரு காலனிக்காரன். அப்பா அடுத்தவர் நிலத்தில் உழுதவர். இவன் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தான். வருஷம் எழுபத்து நான்கு.

காஞ்சிபுரத்து அரிசி மண்டிகளில் வண்டு விழுந்தால் அபிநந்தனுக்குத்தான் ஆள் வரும். அவர் போய்ப் பார்த்து, பேசி முடிப்பார். மற்றதெல்லாம் யேசுதாஸ். மூட்டை அடுக்கைத் தார்ப்பாய் போட்டு மூடுவான். வண்டு கொல்லும் மாத்திரை டின்னைத் திறந்து, மாத்திரைகளை இடுக்குகளில் வைப்பான். வெளியே வந்து கதவைச் சாத்திச் சந்துகளில் களிமண் அப்புவான். காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே மாத்திரை விஷ வாயுவாக மாறும். கண்ணுக்குத் தெரியாது. பூண்டு நாற்றம் அடிக்கும். அபிநந்தன் வீட்டில் பூண்டு சேர்ப்பதில்லை. டின் திறக்கும் நேரம் அவர் தெருவில் நிற்பார். தம் கையால் ஓர் உயிர் போகக் கூடாது என்பது அவருக்கு வேஷமில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார்.

"மூக்குல ஈரத்துணி கட்டிக்கோப்பா" என்று மட்டும் ஒவ்வொரு முறையும் அக்கறையாகச் சொல்வார்.

யேசுதாஸும் கட்டிக்கொள்வான். ஆனாலும் வேலை முடிந்த நாளெல்லாம் மண்டையிடி, குமட்டல், நெஞ்சை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல இறுக்கம். மனைவி மேரி வெந்நீர் வைத்துக் கொடுப்பாள்.

[சட்ட நுணுக்கம் தெரிந்தவர்களுக்கு: விதிகளைக் கதைக்கு வேண்டியபடி வளைத்திருக்கிறேன். எட்டாவது படித்தவனுக்கு உரிமம் தருவார்களா என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் தருவார்கள்.]

3

உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. மூன்று நாள் வகுப்பு.

"நான் போய் உக்காந்துட்டா மண்டிக்காரங்கள யாருப்பா பாக்கறது? நீ போ, யேசு" என்றார் அபிநந்தன். "ஆபீசரு புதுசு. என் மூஞ்சி அவருக்குத் தெரியாது. பேர் கூப்பிட்டா 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லு. அவ்ளோதான்."

"இன்னா பேர் கூப்புடுவாங்க, நயினாரே?" சமணர்களை ஊரில் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என் பேர்தான். வேற யார் பேரு இருக்குது அதுல?"

மேரிக்கு இது பிடிக்கவே இல்லை.

"அவரு பேருக்கு நீ கொரல் குடுக்கணுமா? மாட்டிக்கினா? செயில்லயும் அவரு பேருலயே களி துன்னுவியா?"

"மூணு நாளுதாம்மே. ஒக்காந்துக்கினு இருந்தா போதும்."

"தறி ஒருத்தருது, நெய்யறது ஒருத்தரு, அது ஊரு வழக்கம். பேருகூடவா கூலிக்கி?"

(முந்தைய வரைவில் மேரியை அழவைத்திருந்தேன். பொருந்தவில்லை. அவள் கோபக்காரி.)

4

வகுப்பு ஓர் அலுவலகத்து மாடியில் நடந்தது. அதிகாரி மயில்வாகனம் ஒல்லியான மனிதர், கண்டிப்பானவர். பெயர்களைப் படித்தார். "அபிநந்தன்" என்றதும் யேசுதாஸ் எழுந்து, "உள்ளேன் ஐயா" என்றான். சட்டைக்குள் வியர்த்தது. ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் நாள் மாத்திரையைப் பற்றிய பாடம்.

"இதுக்குத் தண்ணிதான் தீனி" என்றார் மயில்வாகனம். "ஈரம் பட்டா வேகமா வாயு கக்கும். சில பேரு மூக்குல ஈரத்துணி கட்டிக்கிட்டு வேலை செய்யறாங்கன்னு கேள்விப்படறேன். அதைவிட மடத்தனம் கிடையாது. துணியில இந்த வாயு நிக்காது. பூண்டு வாசனை தெரிஞ்சா, உள்ள இழுத்துட்டீங்கன்னு அர்த்தம். தலைவலி, வாந்தி, நெஞ்சடைப்பு. ஒருநாள் கிடங்குக்குள்ளயே விழுந்துடுவீங்க. வாயுவை வடிகட்டற டப்பா வெச்ச முகமூடி மாட்டாம டின்னைத் தொடாதீங்க. உரிமம் வாங்கறப்பவே இதே பாடம் நடத்தியிருக்காங்க."

பிறகு முன் வரிசையைப் பார்த்துக் கேட்டார்: "என்ன அபிநந்தன், ஞாபகம் இருக்கா?"

யேசுதாஸுக்கு —

இந்த இடத்தில் 'தலை சுற்றியது' என்று எழுதினேன். பிறகு 'இடி விழுந்தது'. இரண்டும் பொய். அவனுக்கு ஒன்றும் விழவில்லை. கணக்கு ஒன்று சரியாக வந்ததுபோல நிதானமாகப் புரிந்தது. அபிநந்தன் இதே பாடத்தைக் கேட்டிருக்கிறார். அவர் வீட்டு அலமாரியில் இரண்டு முகமூடிகள் பெட்டியோடு இருக்கின்றன. அவனே துடைத்து வைத்திருக்கிறான்.

"இருக்குது ஐயா" என்றான். "நல்லா ஞாபகம் இருக்குது."

5

அன்று நேராக அபிநந்தன் வீட்டுக்குப் போனான். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்து, அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"நயினாரே, அலமாரியில இருக்கற மொகமூடி யாருக்கு?"

"லைசென்ஸுக்குப்பா. ஆபீசர் பார்வைக்கு வந்தா காட்டணும்."

"ஈரத்துணி வேலைக்காவாதுன்னு ஒங்களுக்கு மொதல்லயே சொல்லிக் குடுத்தாங்களாமே?"

அவர் துண்டில் கையைத் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொன்னாங்க. அத்த மாட்டினா மூச்சு முட்டும், வேலை ஓடாதுன்னு…"

"நீங்க மாட்டிப் பாத்தீங்களா?"

"நான் எதுக்கு மாட்டணும்? நான்தான் உள்ளயே வர்றதில்லையே."

கபடமில்லாமல்தான் சொன்னார். அதுதான் யேசுதாஸால் தாங்க முடியவில்லை.

"பட்டுக் கெடங்குல மாத்திரை வெக்கக் கூடாதுன்னு மொத நாளே சொன்னீங்களே நயினாரே. ஜரிகை கருத்துப்பூடும்னு. என் நெஞ்சப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே."

அடுப்படியிலிருந்து அபிநந்தனின் மனைவி சுகுமாரி வந்தாள். அலமாரியைத் திறந்து, முகமூடிப் பெட்டியை எடுத்து யேசுதாஸின் முன்னால் வைத்தாள்.

"எடுத்துக்கோப்பா."

"சுகுமாரி, நீ உள்ள போ" என்றார் அபிநந்தன்.

"நீங்க வெளிய நின்னா பாவமும் வெளிய நின்னுக்குமா?" என்றாள் அவள். உள்ளே போகவில்லை.

யேசுதாஸ் பெட்டியைத் திறந்து பார்த்தான். டப்பாவின் முத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இதை இப்போது வாங்கிக்கொண்டால், நாளைக்கு வாயைத் திறக்க முடியாது. "இருக்கட்டும்மா" என்று மூடி வைத்துவிட்டு நடந்தான்.

6

கடைசி நாள்.

"அபிநந்தன்" என்று படித்தார் மயில்வாகனம்.

பதில் இல்லை. யேசுதாஸ் முன் வரிசையில்தான் இருந்தான்.

"அபிநந்தன்! காது கேக்கலையா?"

அவன் எழுந்தான்.

"அந்தப் பேர்ல ஆள் வரலீங்க ஐயா. மூணு நாளும் வரல. என் பேரு யேசுதாஸ். அந்த லைசென்ஸுல டின்னு தொறக்கறவன் நான்."

மயில்வாகனம் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதுக்குப் பேரு ஆள்மாறாட்டம். போலீசுக்கு எழுதினா என்ன ஆகும் தெரியுமா?"

"எழுதுங்க ஐயா. எழுதறச்சே என் பேரையே எழுதுங்க."

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அப்பிடியே இன்னொண்ணும் கேளுங்க" என்றான் யேசுதாஸ். "இங்க லைசென்ஸு வெச்சிக்கினு ஒக்காந்திருக்கறவங்கள்ல எத்தினி பேரு டின்ன சொந்தக் கையால தொட்டிருக்காங்கன்னு."

சில தலைகள் குனிந்தன. மயில்வாகனம் அந்தத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

(அதிகாரி எழுந்து கைகுலுக்குவதாக ஒரு வரைவு உண்டு. எந்த அதிகாரி ஆள்மாறாட்டத்துக்குக் கைகுலுக்குவார்? கிழித்துப் போட்டேன்.)

"இந்த வகுப்பு உன் கணக்குல சேராது" என்றார் கடைசியில். "அபிநந்தன் கணக்குலயும் சேராது. வெளியே போ." யேசுதாஸ் கதவருகே போனதும் குரல் வந்தது: "அடுத்த வகுப்புக்கு உன் பேர்ல மனு போடு. சிபாரிசு பண்ண மாட்டேன். தடுக்கவும் மாட்டேன்."

வாசகர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். இதுவரை அபிநந்தனை 'அவர்' என்றும், யேசுதாஸை 'அவன்' என்றும், மேரியையும் சுகுமாரியையும் 'அவள்' என்றும் எழுதிவந்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கை தானாக அப்படி ஓடியது. திருத்த உட்கார்ந்து, பின்பு வேண்டாமென்று விட்டேன். எப்படி ஓடியது என்று தெரியட்டும். இனி யேசுதாஸும் 'அவர்'தான். மேரியும்.

7

அபிநந்தனின் உரிமம் காலாவதியானது. மண்டிக்காரர்கள் செங்கல்பட்டிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். யேசுதாஸ் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் பட்டு நூல் அலசப் போனார். கை முழுக்கச் சிவப்பு. கூலி குறைவு. மேரி கூடுதலாக இரண்டு வீடுகளில் வேலை பார்த்தார். ஆனால் மண்டையிடி நின்றது. மனுவும் போட்டாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து அவர்கள் திரும்பியபோது, அபிநந்தன் காலனிக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்தத் தெருவுக்குள் அவர் வருவது அதுதான் முதல் முறை. மேரி முக்காலியை எடுத்துப் போட்டார்.

"புது லைசென்ஸுக்கு எழுதலாம்னு இருக்கேன், யேசு" என்றார் அபிநந்தன். "மொகமூடி ரெண்டும் நீயே வெச்சுக்கோ. கூலிய ஏத்தித் தரேன். பழையபடி வந்துடுப்பா."

"லைசென்ஸு யாரு பேர்ல?" என்று மேரி கேட்டார்.

"பேர்ல இன்னாம்மா இருக்குது?"

"ஒண்ணும் இல்லேன்னா குடுத்துட்டுப் போங்களேன்."

அபிநந்தனுக்கு முகம் சிவந்தது. யேசுதாஸ் வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டு லைசென்ஸு, நயினாரே. ஒண்ணு ஒங்க பேர்ல, ஒண்ணு என் பேர்ல. வகுப்புக்கு ரெண்டு பேரும் போவோம். அப்பறம் வர்ற மொத வேலையில மொகமூடிய மாட்டிக்கினு நீங்களும் உள்ள வர்றீங்க. டின்ன நீங்க தொறக்கறீங்க."

"அது என்னால ஆவாதுன்னு ஒனக்குத் தெரியும்."

"ஆவலன்னா தொழில வுட்டுடுங்க. நெசமாவே ஒரு உயிரையும் கொல்லாம இருக்கணும்னா, ஒங்கள நான் கையெடுத்துக் கும்புடுவேன். ஆனா என் கையால கொன்னுட்டு, ஒங்க கை சுத்தம்னு சொல்லாதீங்க. இன்னா சொல்றீங்க?"

அபிநந்தன் —

8

இங்கே நிறுத்துகிறேன். என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன. ஒன்றில் அவர் சரி என்கிறார்; முதல் டின்னைத் திறக்கும்போது அழுகிறார். இன்னொன்றில் தொழிலை விட்டு மாமனார் ஊருக்கு விவசாயம் பார்க்கப் போகிறார். வேறொன்றில் ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் திருப்புகிறார். அடுத்த வாரம் வேறொரு காலனியில் வேறொருவரைத் தேடுகிறார். மூன்றுமே நடக்கக் கூடியவை. கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் நடப்பது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அபிநந்தனின் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவரை நல்லவராக்குங்கள், கெட்டவராக்குங்கள், உங்கள் விருப்பம்.

ஆனால் யேசுதாஸின் மேல் கை வைக்காதீர்கள். வயிற்றுப்பாடு, பிள்ளைகுட்டி, ஊர் உலகம் என்று காரணம் சொல்லி, 'சரிங்க நயினாரே, பழையபடியே இருக்கட்டும்' என்று அவரைச் சொல்லவைத்தால், அந்தக் கதைக்கு மேலே உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். என் பெயரைப் போடக் கூடாது. நிச்சயமாக அவர் பெயரைப் போடக் கூடாது.

என் தாளில் அவர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் மேரி நிற்கிறார். பதில் வரும்வரை இருவரும் நகர்வதாக இல்லை.