ஒரே முதல்வரின் இரண்டு கையெழுத்து

கப்பலூர்ப் பட்டறை ஒன்றில் நான்கு ஆண்டு லேத் ஓட்டியவள் சத்யப்ரியா. பிறகு மெக்கானிக்கலில் பி.ஈ., எம்.ஈ. முடித்து, திருமங்கலம் தாண்டி உள்ள ஒரு தனியார் கல்லூரியில் ஆசிரியை ஆனாள். வரைபடத் தாளைக் கண்டதும் பிள்ளைகள் ஏன் மிரள்கிறார்கள் என்று யோசிக்கப் போய், அதையே ஆறு ஆண்டு ஆராய்ந்து, பொறியியல் கல்வியில் டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டாள். அங்கேதான் சனி பிடித்தது. இயந்திரத்தை ஆராய்ந்தவருக்கு மாலை மரியாதை உண்டு. இயந்திரம் படிக்கும் பிள்ளையை ஆராய்ந்தவளிடம், அது என்ன படிப்பு என்று கேட்பார்கள்.

இணைப் பேராசிரியர் பதவிக்கு அவள் விண்ணப்பித்தபோது முதல்வர் அசோக்குமாரும் அதையே கேட்டார்.

"பி.எட். மாதிரி என்னமோ பண்ணியிருக்கீங்க. இது மெக்கானிக்கல்ல சேராதும்மா."

மூன்று மாதம் இழுத்தடித்து, அதையே கடிதமாக்கிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்தக் கல்லூரியில் பதினோரு ஆண்டு உழைப்புக்கு ஒரு பக்கத் தாள். பஸ் அவள் வீடிருக்கும் வில்லாபுரம் போய்ச் சேரும்வரை அவள் அழுதாள்.

இரண்டே வாரத்தில் கல்லூரி அங்கீகாரத்துக்கான ஆய்வுக் குழு வந்தது. மெக்கானிக்கலில் டாக்டர் பட்டம் பெற்ற இணைப் பேராசிரியர் ஒருவர் குறைந்தாலும் அறுபது சீட் போய்விடும். அன்று காலை அவள் அறை வாசலில் பியூன் மலைச்சாமி புதுப் பெயர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு நீங்க இணைப் பேராசிரியர், மேடம். பசை காயல, தொட்டுறாதீங்க."

"எம்புட்டு நேரத்துக்குண்ணே?"

"அவுக காரு கெளம்புற வரைக்கும்."

ஆய்வு அதிகாரி முதல்வர் கொடுத்த ஆசிரியர் பட்டியலைப் புரட்டியபடி அவளிடம் கேட்டார்: "உங்க பிஹெச்.டி. எதுல?"

"மெக்கானிக்கல் சார்" என்று முந்திக்கொண்டார் முதல்வர்.

வேலையே போகலாம் என்று தெரிந்துதான் சத்யப்ரியா கைப்பையைத் திறந்தாள். "இல்லன்னு சாரே எழுதிக் குடுத்திருக்காங்க" என்று கடிதத்தை நீட்டினாள்.

அதிகாரி அதைப் பட்டியலின் பக்கத்தில் வைத்தார். "ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான். எது நெசம்?"

அசோக்குமாருக்கு அறுபது சீட்டும் கண்முன் வந்து போயிருக்கும். "லெட்டர்தான் தப்பு சார். கிளார்க் டைப் அடிச்சதுல..."

"அப்ப அத ரத்து பண்ணிட்டு, பதவி உத்தரவு போட்டுக் குடுங்க. ஃபைல்ல அது இருந்தாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்." பிரியாணி ஆறிக்கொண்டிருந்ததால் அவர் மேற்கொண்டு துருவவில்லை.

உத்தரவு பத்தே நிமிடத்தில் வந்தது. சத்யப்ரியாவுக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. அதை மடித்துக் கைப்பையில் வைக்கும்போது அடியில் ஆய்வேடு தட்டுப்பட்டது. கேட்டால் காட்டலாம் என்று கொண்டுவந்திருந்தாள். பிள்ளைகள் ஏன் மிரள்கிறார்கள் என்று அன்றும் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.