பாறை இடுக்கில் பெயரில்லாத ஒன்று

பகல் பதினொன்றரைக்கு மொட்டு அசைந்தது.

நானும் எவாரிஸ்தோவும் சுண்ணாம்புப் பாறையில் குப்புறப் படுத்திருந்தோம். அவர் மலையடி ஊரான எல் குவர்வோவின் தலைவர். நான் பச்சூகா நகரத்திலிருந்து வந்திருக்கும் தாவரவியல் முனைவர். மூக்குக்கு நேரே, இடுக்கில், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கள்ளி. இந்த மலையை விட்டால் வேறெங்கும் கிடையாது. இன்னும் பெயர் வைக்கப்படவில்லை. பெயரில்லாத செடி சட்டத்தின் கண்ணில் செடியே அல்ல. மலையைக் கல்குவாரிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"ஊர்க்கூட்டத்துல முடிவு பண்ணியாச்சு, டாக்டரம்மா. நம்ம ஊர் பேர்தான் வைக்கணும்."

"பக்கத்து மலையில அப்படித்தான் வச்சாங்க. பேரப் படிச்சு இடத்தத் தெரிஞ்சுக்கிட்டவன் செடி திருட சாக்கோட வந்தான். இப்ப அங்க பேர் மட்டும்தான் இருக்கு."

அவர் தொப்பியின் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டார். அன்று சாக்கோடு வந்தவர்களுக்கு வழி காட்டியவன் அவருடைய மைத்துனன்.

"மத்ததுக்கெல்லாம் எத வச்சுப் பேர் வச்சாங்க?" என்றார் பிறகு.

"அந்தப் பெரிய உருண்டைக் கள்ளிக்கு லத்தீன்ல முள்ளெலிக் கள்ளின்னு பேர்."

"முள்ளெலியா? நம்ம பக்கம் அது கிடையாதே."

"வச்சவங்க நம்ம பக்கம் பார்த்ததில்ல. இந்தச் சின்னதுங்க முலைக்காம்பு. அங்க வெள்ளை முடியோட நிக்குதே, அது கிழவன்."

"அப்ப எனக்கு ஏற்கெனவே பேர் வச்சாச்சு." அவர் சிரித்தார். "முலைக்காம்புன்னு வச்சவன் கல்யாணம் ஆகாதவனா இருப்பான்."

பூ விரிந்தது.

செடியைவிடப் பெரிய பூ. ஓரம் வெளுத்து, நடுவில் மாதுளை நிறம். இதழ்கள் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது. பல வருடங்களாக மழைக்குக் காத்திருந்த செடி. மாலைக்குள் இந்தப் பூ மூடிவிடும், திரும்ப விரியாது. நகத்தளவு தேனீ ஒன்று உள்ளே இறங்கியது. மகரந்தக் காம்புகள் அத்தனையும், காற்றே இல்லாமல், அதன் பக்கம் சாய்ந்து அதை மூடின. தேனீ மஞ்சளாக வெளியே வந்தது. காம்புகள் மெல்ல நிமிர்ந்தன.

நான் மூச்சு விட மறந்திருந்தேன். இருபது வருடங்களாகக் கள்ளிகளோடுதான் இருக்கிறேன்.

எவாரிஸ்தோ ஒரு முழங்கையை ஊன்றி நிமிர்ந்து, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். வெயில் அவர் வழுக்கையில் இறங்கியது.

"ஊர்ப் பேர் வேணாம்," என்றார். "கூட்டத்துல நான் சொல்லிக்கிறேன். திட்டுவாங்க, திட்டட்டும்."

"வேற என்ன வைக்கலாம்?"

அவர் பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இதப் பாத்தா வாயில வார்த்தையே வரல பாருங்க. அதுக்கு லத்தீன்ல என்ன சொல்லுவாங்க, டாக்டரம்மா?"